நிலாவுக்கு நிலா உண்டா? சூரியக் குடும்பத்தில் 400 நிலாக்கள் இருந்தும் ஒன்றுக்குக்கூட இல்லாதது ஏன்?

2025 மார்ச் மாதம் சனிக் கோளின் கணக்கில் ஒரே அடியாக 128 புதிய நிலாக்கள் சேர்ந்தன. சர்வதேச வானியல் ஒன்றியம் அங்கீகாரம் கொடுத்ததும் சனியின் மொத்த எண்ணிக்கை 274 ஆனது. வியாழன், யுரேனஸ், நெப்டியூன், செவ்வாய், நம்ம பூமி என எல்லாவற்றையும் சேர்த்தால், சூரியக் குடும்பத்தில் கோள்களைச் சுற்றும் நிலாக்கள் 400-ஐத் தாண்டிவிட்டன.

சூரியனைக் கோள்கள் சுற்றுகின்றன. கோள்களை நிலாக்கள் சுற்றுகின்றன. அப்படியென்றால் நிலாவையும் ஏதாவது ஒன்று சுற்ற வேண்டும் இல்லையா? உறவுமுறையில் சொன்னால் சூரியனுக்குக் கோள் பிள்ளை, நிலா பேரன். கொள்ளுப்பேரன் எங்கே?

இந்த 400-க்கும் மேற்பட்ட நிலாக்களில் ஒன்றுக்குக்கூட சொந்தமாக ஒரு நிலா இருப்பதாக இதுவரை உறுதியாகவில்லை. ஏன் இல்லை என்பதற்கான பதிலில் நம் சந்திரயான்களுக்கும் பங்கு இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இந்தக் கேள்வியைக் கேட்டது யார்?

கேட்பதற்குச் சின்னப் பிள்ளைக் கேள்வி மாதிரி இருக்கும். உண்மையிலேயே அது சின்னப் பிள்ளை கேட்ட கேள்விதான். அமெரிக்காவின் கார்னெகி ஆய்வகங்களைச் சேர்ந்த வானியலாளர் ஜூனா கோல்மையரிடம் அவருடைய மகன் கேட்டது இது. அவர் அதைச் சிரித்துக் கடந்துவிடாமல், பிரான்ஸின் போர்தோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷான் ரேமண்டுடன் சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். 2018 அக்டோபரில் அந்த ஆய்வுக் கட்டுரை இணையத்தில் வெளியானது. தலைப்பே 'நிலாக்களுக்கு நிலாக்கள் இருக்க முடியுமா?' என்பதுதான்.

அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'சப்மூன்', அதாவது துணைநிலா. இணையவாசிகள் விடுவார்களா? 'மூன்மூன்' என்று பெயர் வைத்து ட்ரெண்ட் ஆக்கிவிட்டார்கள். அதிகாரபூர்வமான பெயர் எதுவும் இல்லாததால், இந்தக் கட்டுரையில் 'குட்டி நிலா' என்றே வைத்துக்கொள்வோம்.

அவர்களுடைய பதிலைச் சுருக்கமாகச் சொன்னால்: குட்டி நிலா இருக்க முடியும். ஆனால் பெரும்பாலான இடங்களில் அது நீடிக்காது.

நிலா ரொம்பச் சின்னது, அதனாலா?

பலரும் முதலில் நினைப்பது இதுதான். ஆனால் காரணம் அது இல்லை. ஐடா என்ற சிறுகோளின் நீளம் சுமார் 60 கிலோமீட்டர்தான். 1993-ல் நாசாவின் கலிலியோ விண்கலம் அதைக் கடந்து போனபோது எடுத்த படங்களில், ஐடாவை ஒன்றரை கிலோமீட்டர் அளவுள்ள ஒரு துண்டு சுற்றுவது தெரிந்தது. அதற்கு டாக்டைல் என்று பெயர். அதன்பிறகு இப்படி நிலா வைத்திருக்கும் சிறுகோள்கள் நிறையவே கிடைத்துவிட்டன. சாரிக்லோ என்ற சிறு பொருளுக்கு வளையமே இருக்கிறது. அதன் விட்டம் சுமார் 250 கிலோமீட்டர்தான்.

60 கிலோமீட்டர் கல்லுக்கு ஒரு நிலா இருக்கும்போது, 3,474 கிலோமீட்டர் விட்டமுள்ள நம் நிலாவுக்கு ஏன் முடியாது? ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. ஐடாவின் பக்கத்தில் பெரிய பொருள் எதுவும் கிடையாது. சூரியன் எங்கேயோ தூரத்தில் இருக்கிறது. நிலாவுக்கோ பக்கத்திலேயே, தன்னைப்போல 81 மடங்கு எடையுள்ள பூமி உட்கார்ந்திருக்கிறது.

அதனால் இது நிலாவின் சைஸ் பிரச்சினை இல்லை. பக்கத்தில் இருப்பவரின் பிரச்சினை.

குட்டி நிலா சுற்றுவதற்கு இடம் இருக்கிறதா?

ஒவ்வொரு விண்பொருளுக்கும் ஓர் 'ஆட்சி எல்லை' உண்டு. அந்த எல்லைக்குள் அதன் ஈர்ப்புக்குத்தான் செல்வாக்கு. தாண்டிவிட்டால் பெரியவர் இழுத்துக்கொள்வார். வானியலில் இதை 'ஹில் கோளம்' என்பார்கள். நம் நிலாவுக்கு இந்த எல்லை சுமார் 60,000 கிலோமீட்டர்.

ஆனால் எல்லை ஓரம்வரை போய்ச் சுற்ற முடியாது. ஓரத்தில் பூமியின் இழுப்பு பாதையைக் கலைத்துக்கொண்டே இருக்கும். நிலையாகச் சுற்ற வேண்டுமென்றால் அந்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள், அதாவது சுமார் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குள் இருந்தாக வேண்டும். நிலாவின் ஆரம் வெறும் 1,737 கிலோமீட்டர்தான். ஆக, இடத்துக்குப் பஞ்சமில்லை.

அப்புறம் என்ன சிக்கல்? அது கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும் சிக்கல்.

குட்டி நிலாவைக் கீழே இழுப்பது எது?

கடலில் ஓதங்கள் உண்டாவது நிலாவின் ஈர்ப்பால்தான் என்று பள்ளியில் படித்திருப்போம். நிலா இழுக்கும்போது பூமி லேசாகப் புடைக்கிறது. தண்ணீர் மட்டுமல்ல, பாறையும் கொஞ்சம் புடைக்கும். இந்தப் புடைப்புதான் கதையின் வில்லன். சில நேரம் ஹீரோவும்கூட.

பூமி தன்னைத்தானே சுற்ற எடுத்துக்கொள்வது 24 மணி நேரம். நிலா பூமியைச் சுற்ற 27 நாளுக்கு மேல் ஆகிறது. பூமி வேகமாகச் சுழல்வதால், அந்தப் புடைப்பு நிலாவைவிடக் கொஞ்சம் முன்னே போய்விடுகிறது. முன்னே நிற்கும் புடைப்பு நிலாவை முன்னோக்கி இழுக்க, நிலா வெளிப்பக்கமாக நகர்கிறது. வருடத்துக்கு 3.8 சென்டிமீட்டர் வீதம் அது நம்மைவிட்டு விலகிக்கொண்டிருக்கிறது. அப்போலோ வீரர்கள் நிலாவில் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகள்மீது லேசர் ஒளியை அனுப்பி இதை அளக்கிறார்கள்.

இப்போது கதையைத் திருப்பிப் போடுங்கள். செவ்வாயின் நிலாவான போபோஸ், 7 மணி 39 நிமிடத்தில் ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. செவ்வாய் தன்னைத்தானே சுற்றுவதற்கோ 24 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இங்கே நிலா வேகம், கோள் மெதுவு. அதனால் புடைப்பு பின்தங்கி, போபோஸைப் பின்னோக்கி இழுக்கிறது. போபோஸ் நூறு வருடத்துக்குச் சுமார் 1.8 மீட்டர் வீதம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. இன்னும் சுமார் 5 கோடி ஆண்டுகளில் அது செவ்வாயில் விழும், இல்லையென்றால் உடைந்து வளையமாகும்.

இதிலிருந்து கிடைக்கும் விதி எளிமையானது. சுற்றுபவர், சுழல்பவரைவிட மெதுவாகச் சுற்றினால் தப்பித்து வெளியே போகலாம். வேகமாகச் சுற்றினால் கீழே இறங்க வேண்டியதுதான்.

நிலாக்கள் மாட்டிக்கொள்ளும் இடம் எது?

நம் நிலா எப்போதும் ஒரே முகத்தையே பூமிக்குக் காட்டுகிறது. காரணம், அது தன்னைத்தானே சுற்றுவதற்கும் பூமியைச் சுற்றுவதற்கும் ஆகும் நேரம் ஒன்றே: 27.3 நாள். பெரிய நிலாக்கள் பெரும்பாலும் இப்படித்தான் தங்கள் கோளுடன் 'லாக்' ஆகியிருக்கின்றன.

நிலா இவ்வளவு மெதுவாகச் சுழலும்போது, அதைவிட மெதுவாக ஒரு குட்டி நிலா சுற்ற வேண்டுமென்றால் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்? கணக்குப் போட்டால் சுமார் 88,000 கிலோமீட்டர் வருகிறது. ஆனால் நிலாவின் ஆட்சி எல்லையே 60,000 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறதே! பாதுகாப்பான தூரம் எல்லைக்கு வெளியே இருக்கிறது.

இது நம் நிலாவுக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் இல்லை. கோளுடன் லாக் ஆன எந்த நிலாவுக்கும் கணக்கு இதேதான். எல்லைக்குள் இருக்கும் குட்டி நிலா எதுவாக இருந்தாலும், நிலாவின் சுழற்சியைவிட வேகமாகத்தான் சுற்றியாக வேண்டும். அதனால் அது கீழே இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

எனவே 'இருக்க முடியுமா' என்பதைவிட, 'எவ்வளவு காலம் இருக்கும்' என்பதே சரியான கேள்வி.

அப்படியானால் எந்த நிலாவுக்கு வாய்ப்பு அதிகம்?

இறங்கும் வேகம் முக்கியமாக இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. குட்டி நிலா எவ்வளவு லேசாக இருக்கிறதோ, அவ்வளவு சின்னப் புடைப்பைத்தான் உண்டாக்கும். அதனால் மெதுவாக இறங்கும். எவ்வளவு தள்ளிச் சுற்றுகிறதோ, அவ்வளவு காலம் தாங்கும். அப்படித் தள்ளிச் சுற்ற இடம் வேண்டுமென்றால், நிலா பெரிதாக இருக்க வேண்டும். தன் கோளிலிருந்து நன்றாக விலகியும் இருக்க வேண்டும்.

கோல்மையரும் ரேமண்டும் 10 கிலோமீட்டர் அளவுள்ள குட்டி நிலாவை எடுத்துக்கொண்டு, தெரிந்த நிலாக்களைச் சோதித்தார்கள். சூரியக் குடும்பத்தின் வயது சுமார் 450 கோடி ஆண்டுகள். அந்த அளவு நீண்ட காலம் குட்டி நிலாவைத் தக்கவைத்துக்கொள்ளும் தகுதி நான்கு நிலாக்களுக்கு மட்டுமே இருந்தது:

• வியாழனின் கலிஸ்டோ
• சனியின் டைட்டன்
• சனியின் இயாபெடஸ்
• நம் நிலா

சூரியக் குடும்பத்திலேயே பெரிய நிலாவான கேனிமீட் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது கலிஸ்டோவைவிடப் பெரியது. ஆனால் வியாழனுக்கு இன்னும் நெருக்கத்தில் இருக்கிறது. சைஸ் இருந்தும் இடம் பத்தவில்லை.

தகுதி இருந்தும் நம் நிலாவுக்கு ஏன் இல்லை?

இதுதான் விஞ்ஞானிகளுக்கு உண்மையிலேயே சுவாரசியமான பகுதி. இல்லாமல் இருப்பதும் ஒரு சாட்சிதான்.

நிலா இன்றைக்கு இருக்கும் இடத்தில் பிறக்கவில்லை. ஒரு பெரிய மோதலில் சிதறிய பொருள்கள் சேர்ந்து, பூமிக்கு மிக அருகில் உருவாகி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலகி வந்தது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். பிறந்தபோது அது இப்போதைய தூரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தூரத்தில் இருந்திருக்கும். தூரம் பத்தில் ஒன்றானால் ஆட்சி எல்லையும் பத்தில் ஒன்றாகிவிடும். அதாவது சுமார் 6,000 கிலோமீட்டர். அதிலும் நிலையான பகுதி 2,000 முதல் 3,000 கிலோமீட்டருக்குள்தான். நிலாவின் ஆரமே 1,737 கிலோமீட்டர் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால், மிச்சம் இருந்த இடம் எவ்வளவு குறுகல் என்று புரியும். குட்டி நிலா பிறந்திருந்தாலும் கொஞ்ச காலத்தில் நிலாவிலேயே விழுந்திருக்கும்.

ஆக, இன்று இடம் இருக்கிறது. ஆனால் குடியேறுவதற்கு ஆள் இருந்த காலத்தில் இடம் இல்லை. இதே போல கலிஸ்டோவுக்கும் டைட்டனுக்கும் ஏன் இல்லை என்று கேட்டால், அவை எப்படிப் பிறந்தன, எப்படி இடம் மாறின என்ற கதை கிடைக்கலாம். கேள்வியின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

ஒருகாலத்தில் இருந்ததற்கான தடயம் ஏதாவது உண்டா?

இரண்டு இடங்களில் சந்தேகம் வந்தது. முதலாவது, சனியின் ரியா. 2005-ல் காசினி விண்கலம் ரியாவைக் கடந்தபோது, அதன் இரு பக்கங்களிலும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை திடீரென்று குறைந்தது. ரியாவைச் சுற்றி ஏதோ வளையம் மறைப்பதால்தான் இப்படி என்று 2008-ல் ஓர் ஆய்வுக் குழு அறிவித்தது. வளையம் இருக்கும் முதல் நிலா என்று செய்திகள் பறந்தன. பிறகு காசினியின் கேமரா அந்த இடத்தைக் குறிவைத்துத் தேடியது. ஒன்றும் இல்லை. 2010-ல் அந்த வளையம் இல்லை என்று முடிவானது.

இரண்டாவது, இயாபெடஸ். இது இன்னும் முடியாத கதை. இந்த நிலாவின் நடுக்கோட்டை ஒட்டி, வால்நட் கொட்டையின் இணைப்புக் கோடு மாதிரி ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. சில இடங்களில் 20 கிலோமீட்டர் வரை உயரம். எவரெஸ்ட்டைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்! 2004 கடைசியில் காசினி இதைப் படம்பிடித்தது. ஒருகாலத்தில் இயாபெடஸுக்குக் குட்டி நிலா இருந்தது, அது இறங்கி வந்து உடைந்து வளையமாகி, அந்தத் துண்டுகள் நடுக்கோட்டில் மழையாகக் கொட்டியதால்தான் இந்த மலை என்று ஒரு தரப்பு சொல்கிறது. உள்ளிருந்து தள்ளப்பட்டு எழுந்த மலை என்பது இன்னொரு தரப்பு. முதல் தரப்பு சொல்வது சரியென்றால், அந்த மலைத்தொடர் விழுந்துபோன ஒரு குட்டி நிலாவின் கல்லறை.

நாம் அனுப்பிய 'குட்டி நிலாக்கள்' என்ன ஆயின?

இயற்கையான குட்டி நிலா கிடைக்கவில்லை. ஆனால் செயற்கையாக நாமே நிறைய அனுப்பியிருக்கிறோம். நிலாவைச் சுற்றும் ஒவ்வொரு ஆர்பிட்டரும் ஒரு குட்டி நிலாதான். அவற்றின் அனுபவம் என்ன?

1972 ஏப்ரல் 24 அன்று அப்போலோ 16 வீரர்கள் ஒரு சிறிய துணைக்கோளை நிலாவைச் சுற்ற விட்டார்கள். ஒரு வருடத்துக்கும் மேல் சுற்றும் என்று எதிர்பார்ப்பு. ஆனால் எஞ்சின் கோளாறால் திட்டமிட்ட பாதையில் அதை விட முடியவில்லை. 35-வது நாள், மே 29 அன்று நிலாவில் விழுந்து நொறுங்கியது.

இதற்குப் புடைப்பு காரணமில்லை. அது கோடிக்கணக்கான ஆண்டுகளில் வேலை செய்வது. சில நூறு கிலோ எடையுள்ள விண்கலங்களை அது ஒன்றும் செய்துவிடாது. தாழ்வாகப் பறப்பவற்றுக்கு எமன் வேறு. நிலாவின் உள்ளே எடை சமமாகப் பரவியிருக்கவில்லை. பெரிய மோதல் பள்ளங்களுக்குக் கீழே அடர்த்தியான பகுதிகள் இருக்கின்றன. இவற்றை 1968-ல் கண்டுபிடித்து 'மாஸ்கான்' என்று பெயர் வைத்தார்கள். குண்டும் குழியுமான ரோட்டில் பைக் ஓட்டுகிற மாதிரிதான், தாழ்வான பாதையில் போகும் ஆர்பிட்டர் ஒவ்வொரு சுற்றிலும் குலுங்கும். அவ்வப்போது எரிபொருள் செலவழித்துப் பாதையைச் சரிசெய்யாவிட்டால் ஒருநாள் தரையைத் தொட்டுவிடும்.

ஆனால் எல்லாமே உடனே விழுவதில்லை. சந்திரயான்-1 நினைவிருக்கிறதா? 2008-ல் போய், 2009 ஆகஸ்ட்டில் தொடர்பு அறுந்துபோனது. சுமார் ஒன்றரை மீட்டர் அளவுள்ள அந்தப் பெட்டி என்ன ஆனதென்று பல வருடம் தெரியவில்லை. பூமியிலிருந்து ரேடார் அலைகளை அனுப்பித் தேடிய நாசா விஞ்ஞானிகள், அது இன்னும் சுமார் 200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருப்பதாக 2017 மார்ச்சில் அறிவித்தார்கள். கட்டுப்படுத்த ஆளே இல்லாமல் ஏழெட்டு வருடம் தாங்கியிருக்கிறது. நிலாவைச் சுற்றும் பாதைகளில் சில மோசமானவை, சில பரவாயில்லை. அதைத் தெரிந்து தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சரி, இதனால் நமக்கு என்ன?

நிலாவைச் சுற்றும் பாதைகளில் ஏற்கெனவே நெரிசல் தொடங்கிவிட்டது. 2021 அக்டோபரில் இஸ்ரோவின் சந்திரயான்-2 ஆர்பிட்டரும் நாசாவின் எல்.ஆர்.ஓ விண்கலமும் நிலாவின் வட துருவத்துக்கு மேலே ஒன்றையொன்று மிக நெருங்கிக் கடக்கும் என்று இரண்டு தரப்பின் கணக்கும் சொன்னது. இடைவெளி சுமார் 3 கிலோமீட்டர், உயர வித்தியாசம் 100 மீட்டருக்கும் குறைவு. இரண்டு நாள் முன்னதாகவே, அக்டோபர் 18 அன்று, இஸ்ரோ தன் விண்கலத்தின் பாதையை மாற்றியது. ஆபத்து விலகியது.

பூமியைச் சுற்றும் தாழ்வான பாதையில் குப்பை இருந்தால், அது கீழே இறங்கும்போது பெரும்பாலும் காற்றில் எரிந்துவிடும். நிலாவில் அப்படி எரிக்கக் காற்று கிடையாது. விழுவது அப்படியே தரையில் மோதும். அந்தத் தரையில்தான் அப்போலோ தடங்கள் இருக்கின்றன, எதிர்காலத்தில் மனிதர்கள் இறங்கப்போகும் இடங்களும் இருக்கின்றன. அதனால்தான் 2012 டிசம்பரில் நாசா தன் கிரெய்ல் இரட்டை விண்கலங்களை ஒரு மலையில் வேண்டுமென்றே மோதவைத்தது. 2023-ல் இஸ்ரோ வேறு வழியை எடுத்தது. சந்திரயான்-3-ன் உந்துகலத்தில் 100 கிலோவுக்கும் மேல் எரிபொருள் மிச்சமிருந்தது. அதைப் பயன்படுத்தி அந்தக் கலத்தை நிலாவிலிருந்து பூமியின் சுற்றுப்பாதைக்கே திரும்பக் கொண்டுவந்தது. கட்டுப்பாடில்லாமல் நிலாவில் விழுவதைத் தவிர்த்ததையும் இதன் பயன்களில் ஒன்றாக இஸ்ரோ குறிப்பிட்டது.

அடுத்தடுத்துப் பல நாடுகளும் தனியார் நிறுவனங்களும் நிலாவுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் நேரம் இது. நிலாவைச் சுற்றுவது என்றென்றைக்கும் நிற்காது என்பது இயற்பியல் சொல்லும் உண்மை. ஆகவே 'எப்படிப் போவது' என்ற திட்டத்துடன் 'எப்படி முடிப்பது' என்ற திட்டமும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

இனி குட்டி நிலா கிடைக்குமா?

வாய்ப்பை முழுசாக மூடிவிட முடியாது. சனியின் புது நிலாக்களில் பல சில கிலோமீட்டர் அளவே உள்ளவை, தொலைநோக்கியில் வெறும் புள்ளிகள். அவற்றின் பக்கத்தில் இன்னும் சின்னதாக ஒன்று இருந்தாலும் இப்போதைக்கு நமக்குத் தெரியப்போவதில்லை. சூரியக் குடும்பத்துக்கு வெளியே, கெப்ளர்-1625பி என்ற கோளைச் சுற்றி நெப்டியூன் அளவில் ஒரு நிலா இருக்கலாம் என்று 2018-ல் சொல்லப்பட்டது. அது உண்மையென்றால் குட்டி நிலாவுக்குத் தாராளமாக இடம் உண்டு. ஆனால் அந்த நிலாவே இருக்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

அதுவரை பதில் இதுதான். நிலாவைச் சுற்றுவதாக நமக்கு உறுதியாகத் தெரிந்த 'நிலாக்கள்' அத்தனையும் மனிதர்கள் செய்து அனுப்பியவை. அதில் ஒன்று, நாம் தொலைத்துவிட்டோம் என்று நினைத்த பிறகும் சுற்றிக்கொண்டிருந்த சந்திரயான்-1. வீட்டுக் குட்டீஸ் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டால், அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.